கல்லுக்கடியில் ஒரு மதிப்பெண் பட்டியல்

மாதிரி எடுக்க அதிகாரி வரும் நேரம் பார்த்தா கழிவைத் திறந்துவிடுவார்கள்? ராத்திரியில், அதுவும் மழை ராத்திரியில் திறப்பார்கள். மறுநாள் பாட்டிலில் பிடிக்கும் தண்ணீருக்கு முந்தின நாள் சங்கதி தெரியாது. ஓடையின் அடியில் கல்லைப் பற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வாழும் பூச்சிகளோ வந்ததையெல்லாம் பட்டே ஆகவேண்டும். அவற்றைக் கேட்டால் ஓடையின் உடல்நிலை தெரியும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

தேடலைக் காவிரியில் தொடங்கினேன். மதுரையைச் சேர்ந்த பூச்சியியலாளர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன், அமெரிக்க ஆய்வாளர்கள் இருவருடன் சேர்ந்து 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிற நாடுகளில் உருவான முறைகள் காவிரி நீர்ப்பிடிப்புப் பகுதிக்குப் பொருந்துமா என்பதே அதன் கேள்வி. பிற நாடு என்றால் எது?

ஒரு தடம் பிரிட்டனுக்குப் போனது. 1970-களின் இறுதியில் அங்கே ஒரு குழு, ஓடைப் பூச்சிக் குடும்பங்களுக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டது. கல்லோடு கல்லாகத் தட்டையாக ஒட்டிக்கிடக்கும் ஒருவகை மேஃப்ளை இளம்பூச்சிக்குப் பத்து. அதே மேஃப்ளை கூட்டத்தில் கொஞ்சம் அழுக்கைத் தாங்கும் இன்னொரு குடும்பத்துக்கு நான்குதான். ரத்தப் புழுவும் அதன் உறவுகளும் சேர்ந்த குடும்பத்துக்கு இரண்டு. ரத்தப் புழு சிவப்பாக இருப்பதற்குக் காரணம், நம் ரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின். ஆக்சிஜன் மிகக் குறைந்துபோன சேற்றிலும் அது பிழைக்க அது உதவுகிறது. சேற்றுப் புழுவுக்கு ஒன்று.

இன்னும் பின்னே போனால் ஜெர்மனி. கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1908-இல் தாவரங்களுக்கும் 1909-இல் விலங்குகளுக்கும் பட்டியல் போட்டார்கள். இன்ன உயிர் இருந்தால் இன்ன அளவு சாக்கடை என்று பார்த்துக்கொள்ளலாம். ஆதி இதுதான் என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் ஒன்று இடித்தது. சேற்றுப் புழு நல்ல ஓடையின் வண்டலிலும் இருக்கும். ஒற்றைச் சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுத முடியுமா?

இதற்கு விடை அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் கிடைத்தது. அங்கே கொனெஸ்டோகா என்ற சின்ன ஆறு பண்ணை நிலங்களின் வழியே ஓடி சஸ்குவஹானாவில் கலக்கிறது. 1948-இல் ரூத் பேட்ரிக் அதன் கிளை ஓடைகளிலெல்லாம் ஆட்களை இறக்கினார். பாசி, மீன், பூச்சி என்று ஆளுக்கொரு துறை, கூடவே வேதியியலாளரும். பேட்ரிக் டயாட்டம் என்னும் நுண்பாசியில் நிபுணர். ஃபிலடெல்ஃபியா இயற்கை அறிவியல் அகாதெமியில் பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர். ஆய்வுக்குப் பணம் வர வழி செய்தவர், அவருடைய உரையைக் கேட்ட ஓர் எண்ணெய் நிறுவன அதிகாரி. வேடிக்கைதான்.

அடுத்த ஆண்டு வெளியான அந்த ஆய்வில் என் கண் போனது படங்களின் மேல். ஒவ்வோர் இடத்துக்கும் ஏழு தூண்கள். ஒரு தூணில் நீலப்பச்சைப் பாசி, ஒன்றில் புழுவும் அட்டையும், ஒன்றில் டயாட்டம், ஒன்றில் பூச்சி, கடைசியில் மீன். தூணின் உயரம், அந்தக் கூட்டத்தில் எத்தனை இனங்கள் என்பதைச் சொல்லும். நல்ல ஓடைகளின் சராசரியே அளவுகோல். ஓர் இனம் மட்டும் எக்கச்சக்கமாகப் பெருகியிருந்தால் தூணின் அகலம் இரட்டிப்பாகும். கழிவு கலந்த இடங்களில் பூச்சித் தூணும் மீன் தூணும் சரிய, புழுத் தூண் நிமிர்கிறது. பல இனங்கள், ஒவ்வொன்றும் அளவோடு இருந்தால் ஓடை நலம். நான் தேடிய யோசனை பிறந்த இடம் இதுதான் என்பேன், ஜெர்மானியர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஏன் பூச்சியே முன்னுக்கு வந்தது? ஏழு தூணுக்கும் நிபுணர் பட்டாளம் வேண்டும், காசும் வேண்டும். பூச்சிக்கு ஒரு வலையும், ஒரு வெள்ளைத் தட்டும், குடும்பத்தை அடையாளம் காணத் தெரிந்த ஒருவரும் போதும். அறிவியல் காரணங்களும் உண்டு. இருந்தாலும் வசதிதான் முதல் காரணம் என்று எனக்குப் படுகிறது.