நீஸ் நகரிற் சில நாள்

காணாத ஊரின்மேற் காதல் கொள்வது எளிது. கண்டபின் அக்காதல் நிலைப்பது அரிது. பிரான்சு தேசத்தின் தென்கிழக்குக் கோடியில், அல்ப்ஸ் மலைகள் மத்தியதரைக் கடலிற் கால் நனைக்கும் இடத்திலே, நீஸ் என்றொரு நகரம் உண்டு. முப்பது ஆண்டுகளாக எம் நெஞ்சிற் குடியிருந்த ஊர் அது. கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் அங்கு தனியே சென்று நான்கு நாள் தங்கி மீண்டோம்.

இந்த ஆசையை எமக்கு ஊட்டியது கல்லூரி நூலகத்தில் இருந்த பழைய புவியியற் புத்தகம் ஒன்று. அது 1993ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குந் தட்டுப்பாடு. போத்தல் விளக்கின் முன்னே குந்தியிருந்து 'மத்தியதரைக் காலநிலை' என்னும் பாடத்தைப் படித்த சிறுவனுக்கு, அப்பாடத்தோடு இருந்த வண்ணப்படம் வேறோர் உலகத்தின் சாளரமாயிற்று. வில்போல வளைந்த கரை, வெண்ணிற மாளிகைகள், பேரீச்ச மரங்கள். கரையோர வீதியில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றில் மனிதர் கடலைப் பார்த்தபடி சும்மா இருந்தனர்.

எமது கிராமமும் வடமராட்சிக் கடலோரக் கிராமமே. வீட்டுக்கும் கடலுக்கும் கால் மைல் தூரமும் இல்லை. எனினும் அந்நாட்களிற் கடலிலே தொழில் செய்யத் தடை இருந்தது. வெடியோசை எத்திசையிலிருந்து வரும் என்று அறியாத காலம். மாலை வேளையிற் கரைக்குப் போக வீட்டார் விடார். அலையோசையைக் கேட்டுக்கொண்டே உறங்கி, கடலைக் காணாமலே வளர்ந்த தலைமுறை எமது. மாளிகைகளும் மரங்களும் அன்று எமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கடலுக்கு முன்னே ஒருவர் அச்சமின்றி அமர்ந்திருக்கலாம் என்பதே பெரிய அதிசயமாகத் தோன்றியது.

பாரிஸ் நகரில் எம் தம்பி இருபது ஆண்டுகளாக உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்கின்றார். பிள்ளைகளைப் படிப்பித்து, வீட்டுக் கடனும் கட்டி, ஊருக்கும் பணம் அனுப்பும் மனிதர். பிரான்சிலேயே வாழ்ந்தும் அவர் நீஸ் நகரைக் கண்டதில்லை. பிரயாணச் சீட்டை எடுத்துத் தந்தவர் அவரே. உடன்வருமாறு அழைத்தபோது, "ஓகஸ்டிலே எங்களுக்கு லீவு தரமாட்டினம், அண்ணை. நீங்கள் போய்ப் பார்த்திட்டு வாங்கோ. கடல் எங்கையும் ஓடிப்போகாது" என்று சிரித்தார். அச்சிரிப்பு நான்கு நாளும் எம்மோடு கூடவே வந்தது.

பாரிசிலிருந்து விரைவுப் புகையிரதம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் நீஸ் சேர்க்கின்றது. மார்செய் வரையிலே பாய்ந்து வந்த வண்டி அதன்பின் வேகந் தணிந்து கரையோரமாக ஊர்கின்றது. நேயர்கள் யாரேனும் அவ்வழியே செல்வதாயின் வண்டியின் வலப்பக்கத்துச் சாளரத்தருகே இடம்பிடித்துக் கொள்க. எஸ்தெரேல் மலையின் செந்நிறப் பாறைகள் நேரே நீலக் கடலில் இறங்குங் காட்சி அப்பக்கத்திலேதான் உண்டு. செம்மையும் நீலமும் இத்துணை நெருங்கி நிற்பதை நாம் வேறெங்கும் கண்டதில்லை. இக்கரைக்கு 'நீலக்கரை' என்னும் பொருள்படப் பெயர் சூட்டியவர் ஸ்தெபன் லியெஜார் என்ற எழுத்தாளர். 1887இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே பின்னர் கரைக்குப் பெயராயிற்று.

படத்திலே கண்ட அந்த வீதி 'ஆங்கிலேயர் உலாவீதி' எனப்படுகின்றது. கடலை ஒட்டி ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நீளம். பிரான்சு நாட்டு நகருக்கு ஆங்கிலேயர் பெயர் வந்த கதையை மாணவர் அறிந்திருத்தல் நன்று. அக்காலத்தில் நீஸ் பிரான்சுக்கு உரியதன்று. சார்டினிய இராச்சியத்தைச் சேர்ந்தது. 1860இலேதான் தூரின் உடன்படிக்கையால் பிரான்சிடம் சென்றது. இத்தாலியை ஒன்றுபடுத்தப் போராடிய கரிபால்டி 1807இற் பிறந்தது இந்நகரில். தாம் பிறந்த ஊர் அந்நியர் கைக்குப் போயிற்றே என்று அவர் இறுதிவரை நொந்தார்.

குளிர்காலத்தைக் கழிக்க ஆங்கிலச் செல்வர் 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கு வரலாயினர். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அல்ப்ஸ் மலைகள் தடுத்துவிடுவதனால் மாரியிலும் இங்கே வெயில் காயலாம். 1820ஆம் ஆண்டையொட்டிய ஒரு மாரி கொடிதாயிற்று. பட்டினியால் வாடியோர் நகரிலே திரண்டு பிச்சை எடுத்தனர். லூயிஸ் வே என்னும் பாதிரியாரும் அவரோடு சேர்ந்த ஆங்கிலேயரும் பணந் திரட்டி, அந்த ஏழைகளுக்குக் கூலி கொடுத்துக் கடலோரமாக ஒரு பாதை அமைப்பித்தனர். அகலம் 2 மீற்றரளவு. அந்தக் கஞ்சிக் கூலிப் பாதையே பின்னர் உலகத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் பட்டாடை புரள உலாவிய வீதியாயிற்று. உல்லாசபுரி என்று ஊர் புகழும் நகரத்தின் முதற் கல்லை வைத்தவை பசித்தவர் கைகள்.

இன்னொன்றும் உண்டு. இங்கு வந்தோரிற் பலர் களிப்புக்காக வந்தவரல்லர்; உயிரைக் காத்துக்கொள்ள வந்தவர். 1763இல் வந்த ஸ்மொலெட் என்னும் ஆங்கில எழுத்தாளர் நெஞ்சுநோயாளி. தாமே மருத்துவம் பயின்றவர். அவர் நோய் தீரக் கடலில் முழுகியதை ஊரார் வியந்து பார்த்தனராம். ருசிய எழுத்தாளர் செக்கோவ் சயரோகத்தோடு வந்து 1897ஆம் ஆண்டு மாரியை இங்கே கழித்தார். 1900இல் மீண்டும் வந்தபோது 'மூன்று சகோதரிகள்' நாடகத்தை இங்கிருந்து திருத்தி முடித்தார். ஓவியர் மத்தீஸ் 1917இல் மார்ச்சளி நோயோடு வந்து சேர்ந்தார். நாட்கணக்கில் மழை விடவில்லை. திரும்பிவிடத் துணிந்த வேளையில் வெயில் எறித்தது. அவ்வொளியைக் கண்டவர் தங்கிவிட்டார். 1954இல் அவர் உயிர் பிரிந்ததும் இந்நகரிலேதான். சிமியே என்னும் மேட்டிலே, ஒலிவ மரச்சோலைக்கு நடுவே, செந்நிற மாளிகையொன்றில் அவருடைய ஓவியங்கள் வைக்கப்பட்டுள்ளன. அருகிலுள்ள மடாலயத்து மயானத்தில் அவர் சமாதி. நாம் சென்றபோது எவரோ அதன்மேற் சிறு ஒலிவக் கிளையொன்றை வைத்துச் சென்றிருந்தார்.

1920ஆம் ஆண்டுகள் வரையில் நீஸ் ஒரு மாரிக்கால நகரமே. கோடை வந்தால் ஹொட்டேல்கள் கதவடைக்கும். செல்வர் ஊரைவிட்டு ஓடிவிடுவர். வெயிலிற் கிடந்து மேனியைக் கறுக்கச் செய்யும் மோகம் பின்னர் வந்தது. இன்று ஓகஸ்டிற் கரையிலே கால் வைக்க இடமில்லை. எம் பாட்டிமார் இக்காட்சியைக் கண்டிருந்தால், "வெயிலுக்குள்ளை கிடந்து கறுக்கிறதுக்கோ இவ்வளவு காசு?" என்று கேட்டிருப்பர். அக்கேள்விக்கு எம்மிடமும் மறுமொழி இல்லை.

படத்தின் பேரீச்ச மரங்களைக் குறித்தும் ஒரு சொல். அவை இம்மண்ணுக்கு உரியவை அல்ல; பெரும்பாலானவை கனேரித் தீவு இனத்தவை, 19ஆம் நூற்றாண்டிலே கொண்டுவந்து நடப்பட்டவை. ஊரின் அடையாளமாய் நிற்கும் மரமே குடியேறியது என்று அறிந்தபோது எம் தம்பியை நினைத்துக்கொண்டோம்.

நெக்ரெஸ்கோ ஹொட்டேலை வெளியே நின்றுதான் பார்த்தோம். இளஞ்சிவப்புக் குவிமாடத்துடன் 1913இலே திறக்கப்பட்டது. ருமேனியாவிற் பிறந்து, கைப்பெட்டியோடு புறப்பட்டு வந்து, உணவகத் தொழிலில் உயர்ந்த ஹென்றி நெக்ரெஸ்கோ என்பவர் தம் பெயராற் கட்டுவித்தார். மறு ஆண்டே முதலாம் உலகயுத்தம் வந்தது. மாளிகை காயம்பட்ட போர்வீரரின் வைத்தியசாலையாயிற்று. அவர் செல்வமிழந்து 1920இல் மாண்டார். பெயர் மட்டும் இன்றும் வாசலிலே மின்னுகின்றது.

மொனாக்கோ அருகிலேதான் உள்ளது. சென்றோம். கப்பல்களையும் கார்களையும் எண்ணி முடிப்பதற்குள் சலித்துவிட்டது. பிற்பகல் வண்டியிலேயே திரும்பினோம்.

எம் மனத்துக்கு உகந்தது பழைய நகரம். ஒடுங்கிய ஒழுங்கைகள், மஞ்சளும் காவியும் பூசிய உயர்ந்த வீடுகள், சாளரத்துக்குச் சாளரம் உலரும் உடுப்புகள். சலேயா என்னுஞ் சந்தையிற் காலையிற் பூவும் மரக்கறியும் குவிகின்றன. சைவ உணவினனுக்கு இவ்வூரில் வாய்த்த பெரும்பேறு சொக்கா. கடலை மாவை நீரும் ஒலிவ எண்ணெயும் விட்டுக் கரைத்து, அகன்ற செப்புத் தட்டிலே வார்த்து, விறகு எரியும் போறணையிலே சுட்டு, மிளகுதூள் தூவித் தருகின்றனர். ஓரம் கருகி மொறுமொறுக்க, நடுவிலே மெத்தென்றிருக்கும். ஏழைத் தொழிலாளரின் காலை உணவாக இருந்த பண்டமாம். நாம் மூன்று நாள் அதையே உண்டோம்.

இனி அந்த நாற்காலிகள். அவை நீல நிறம் பூண்டு இன்றும் உலாவீதியில் இருக்கின்றன. கட்டணம் இல்லை. கரையிலே மெத்தையும் குடையும் விரித்து வைத்துப் பணம் வாங்கும் இடங்கள் பலவுண்டு; நாற்காலி மட்டும் எல்லார்க்கும் பொது. முதல் நாள் மாலை வெறுமையாய்க் கிடந்த ஒன்றிலே அமர்ந்தோம். ஒரு பக்கத்திலே முதியவர் ஒருவர் பத்திரிகையை மடித்து முகத்தில் மூடி உறங்கினார். மறுபக்கத்திலே இளந்தாய் குழந்தைக்குப் பாலூட்டினாள். தேவதூதர் குடா எனப்படும் அக்குடா, கரையருகே பாசிப்பச்சையாய், அப்பால் மயிற்கழுத்தாய், தொலைவிலே கருநீலமாய் விரிந்து கிடந்தது. கரையிலே மணல் இல்லை. எங்கும் சாம்பல்நிறக் கூழாங்கற்கள். அலை பின்வாங்குந்தோறும் அவை உருண்டு உருண்டு கலகலவென்று ஒலிக்கும். எமது ஊர்க் கடலின் ஓசை அதுவன்று. ஆயினும் கண்ணை மூடியிருந்தபோது நெஞ்சு அடைத்தது. இருள்படும் வரையில் எழுந்திருக்கவில்லை.

இவ்வீதி இன்பம் ஒன்றையே கண்டதன்று. 2016ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், தேசிய தின வாணவேடிக்கையைக் கண்டு கலைந்துகொண்டிருந்த மக்கள்மீது ஒருவன் கனரக லொறியை ஓட்டிவந்தான். 86 பேர் இறந்தனர். சிறுவரும் அவருட் பலர். அவர் நினைவாகக் கடலோரத்தில் இப்போது ஒரு தேவதையின் சிலை நிற்கின்றது. உலாவீதியிலே வாகனம் ஏறாதபடி தடுப்புகள் இட்டிருக்கின்றனர். நாம் அச்சிலையருகே நின்றபோது கறுப்பு உடை தரித்த மூதாட்டி ஒருத்தி வந்து சிறிது நேரம் நின்றாள். பின் அருகிருந்த நாற்காலியை இழுத்துக் கடலை நோக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டு அமர்ந்தாள். கடலோரத்திலே இரத்தம் சிந்தியபின் மீண்டும் அக்கடலின் முன்னே அமர்தல் எத்துணைப் பெரிய செயல் என்பதை எம்மவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அதிகாலையில் இதே வீதி வேறொரு முகங் கொண்டிருக்கும். ஆறு மணிக்கு ட்ராம் வண்டிகளிலிருந்து இறங்குவோர் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். ஹொட்டேல்களின் அறை கூட்டுவோரும் பாத்திரங் கழுவுவோரும். ஆபிரிக்க முகங்களும் ஆசிய முகங்களும் அவருட் பல. கடலை ஏறிட்டும் பாராமல் பின்வாசல்களால் உள்ளே மறைந்துவிடுவர். அன்றிரவு தம்பியோடு தொலைபேசியிற் பேசினோம். "அங்கை என்ன செய்யிறியள், அண்ணை?" என்று கேட்டார். "கதிரையிலை இருக்கிறன். வருகிற ஓகஸ்டிலே லீவு எடு, சீட்டு இனி என்ரை பொறுப்பு" என்றோம். மறுபக்கத்திற் பாத்திரங்கள் மோதும் ஓசை கேட்டது. "பார்ப்பம்" என்றார்.

கடைசி நாட் காலை, கூட்டம் வருமுன்னர், கடலில் இறங்கினோம். கரை சில அடிகளுக்குள்ளேயே செங்குத்தாய் ஆழ்ந்துவிடுகின்றது. கூழாங்கற்கள் உள்ளங்காலைப் பதம் பார்க்கின்றன. எழுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருத்தி நீந்தி முடித்துக் கரையேறிக்கொண்டிருந்தாள். நாம் தள்ளாடுவதைக் கண்டு நின்று, தன் ஒரு காலைத் தூக்கி, அதிலிருந்த இறப்பர்ச் சப்பாத்தைக் காட்டினாள். பின்னர் எம் கையைப் பற்றி இரண்டடி முன்னே நடத்தி, ஆழத்தில் விட்டுவிட்டுப் போனாள். நீர் குளிர்ந்திருந்தது. நாம் நீந்தத் தொடங்கினோம்.