இழுக்காத வண்டி



கடந்த சில வாரங்களாக நான் பேருந்தில் வந்து போவதைக் கண்டு உங்களில் பலர் விசாரித்தீர்கள். "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்லி வைத்தேன். முழுவதையும் இவ்வாரம் எழுதுகிறேன். இதில் சம்பந்தப்பட்ட ஒருவரிடம் அனுமதி பெற்ற பின்னரே எழுதுகிறேன்.

பெருமாள்மலையில் ஓர் அடக்க ஆராதனைக்காக வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினோம். பின் இருக்கையில் சபையின் மூத்த தாய்மார் இருவர். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி முனகியதே தவிர இழுக்கவில்லை. 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதுவே காரணம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளக்கம் சொல்வது போதகர்களுக்குக் கைவந்த கலையல்லவா!

திரும்பும் வழியில், சமவெளியில், அந்த விளக்கம் உடைந்தது. ஒரு லாரியை முந்துவதற்காக வலப்புறம் ஏறினேன். பாதி கடந்திருந்தபோது வேகம் அப்படியே நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தும் பயனில்லை. எதிரே பேருந்து வந்துகொண்டிருந்தது. லாரி ஓட்டுநர் பிரேக் பிடித்து எனக்கு வழி விட்டார். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பின்னால் இருந்த தாய்மார் உரக்க ஜெபிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஓரமாக நிறுத்தினேன். முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கியதும் பழைய வலு திரும்பியிருந்தது. ஆயினும் வீடு சேரும்வரை நாற்பதுக்கு மேல் ஓட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன்புதான் நம் சபையின் இளைஞர் ஒருவர் தம் பட்டறையில் எண்ணெய் மாற்றி, ஏர் ஃபில்டரும் மாற்றிக் கொடுத்திருந்தார். அவர் கைவைத்த பின் வந்த கோளாறு, ஆகையால் அவரால் வந்த கோளாறு என்று முடிவு கட்டினேன். ஒன்றன்பின் ஒன்று வருவதால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்பதை இறையியல் கல்லூரியில் தர்க்கப் பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். அதையெல்லாம் மறந்து, ஆலய முற்றத்தில் நான்கு பேர் கேட்க, "அந்தப் பையனை நம்பி வண்டியை விட்டது என் தவறு" என்று சொல்லிவிட்டேன். சொன்னது அவர் காதுக்கு எட்டியது. அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் ஆலயத்துக்கு வரவில்லை.

வண்டியை நகரத்தில் வேறொரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். டீசல் ஃபில்டரை மாற்றினார்கள்; பலனில்லை. ஸ்கேனர் பி0299 என்ற குறியீட்டைக் காட்டியது. டர்போ தரவேண்டிய காற்றழுத்தம் போதவில்லை என்று அதற்குப் பொருள். டர்போவையே மாற்ற வேண்டும், 65,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

அவ்வளவு பணம் என்னிடம் இல்லை. அந்த இல்லாமையே நன்மையாயிற்று. முப்பது ஆண்டுகளாக டீசல் வண்டிகளைப் பார்த்துவரும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை, கேள்விகளாகவே கேட்டார். மிதிக்கும்போது எஞ்சின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருக்கிறதா? அப்படியானால் கிளட்ச் வழுக்குகிறது. இல்லை, இரண்டுமே ஏறவில்லை என்றேன். வண்டி வெட்டி வெட்டிப் போகிறதா? இல்லை. புகை? கறுப்பாக வருகிறது என்று என் மனைவி சொன்னாள், நான் கவனித்திருக்கவில்லை. "அப்போ டீசல் போகுது, காத்துதான் போதலை" என்றார்.

புகைபோக்கிக்குச் செல்லும் சூடான வாயு டர்போவின் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் இருக்கும் மறுசக்கரம் வெளிக்காற்றை அழுத்தி அனுப்புகிறது. அழுத்தத்தில் சூடேறிய அந்தக் காற்று இன்டர்கூலரில் குளிர்ந்து, தடித்த ரப்பர் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குள் போகிறது. பெரியவர் வண்டிக்கடியில் படுத்து அந்த ஹோஸைத் தடவினார். கிளாம்புக்கு அருகே எண்ணெய்ப் பிசுக்கு. கழற்றி வளைத்தபோது, விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது அந்த ஹோஸில் அழுத்தம் மிகக் குறைவு. மேட்டிலும் முந்தும்போதும்தான் அழுத்தம் ஏறும், விரிசல் பிளக்கும், காற்று வெளியேறும். பெரிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தி வைத்தே பார்த்ததால் அது அகப்படவில்லை.

"இது எத்தனை நாள் விரிசல்?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதிலுக்குப் பயந்தேன். விரிசலின் ஓரங்களில் அழுக்கு ஊறிக் கறுத்திருந்ததைக் காட்டி, "பல மாசம் இருக்கும், ஐயா. ரப்பர் வயசாகிப்போச்சு. சர்வீஸ் பண்ணவங்க யாரும் இந்தப் பக்கம் கைவைக்கவே இல்லை" என்றார். கூலியோடு 2,400 ரூபாய். வண்டி அன்றே இழுத்தது. 

பழைய ஹோஸை வாங்கிக்கொண்டு நேரே அந்த இளைஞரின் பட்டறைக்குப் போனேன். ஆலய முற்றத்தில் சொன்னதை அதே நான்கு பேர் முன்னிலையில் திரும்பப் பெறுவேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். (அந்த நால்வரும் இதை வாசிக்கிறீர்கள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சற்று நில்லுங்கள்.) அவர் பதில் ஏதும் பேசாமல் ஹோஸை வாங்கி வளைத்தார், விட்டார், மறுபடி வளைத்தார். "நின்ன வண்டியில நானும் இதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன், ஐயா" என்றார்.

பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் புதிய ஹோஸைப் பார்த்து, கிளாம்பை இன்னும் அரைச்சுற்று இறுக்கினார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.