களரிக்கு ஆள் அழைத்தல்

எழுதிய கவிதை மேசை லாச்சிக்குள் கிடந்தாலும் கவிதைதான். ஆனால் எதிரே ஆள் இல்லாமல் ஆடப்படும் கூத்து வெறும் ஒத்திகை. ஆகவே ஆட்களை அழைப்பதும் கலையின் ஒரு பகுதியே. முன்பு ஊர் செய்த அந்த வேலையை இன்று பேஸ்புக்கிடமும் வட்ஸ்அப்பிடமும் ஒப்படைத்திருக்கிறோம்.

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடம் கற்பவள் நான். செயற்றிட்டம் ஒன்றுக்காக, ஆரையம்பதியில் உள்ள ஒரு சிறு கலைக்கழகத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பற்றி எழுத விரும்பினேன். கல்முனை வீதியால் போகும் புதியவர் ஒருவருக்குக் காத்தான்குடி எங்கே முடிந்து ஆரையம்பதி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அவ்வளவு அருகில் இருக்கிறோம். ஆனாலும் அங்கே கூத்து ஆடினால் எங்களுக்குத் தெரிவதில்லை. இங்கே களிகம்பு அடித்தால் அவர்களுக்குத் தெரிவதில்லை.

வாப்பாவோடு போயிருந்தேன். கழகத்து இளைஞர் ஒருவர் தங்கள் பக்கத்தைக் காட்டினார். முடி தரித்த ராசா, சுழன்றாடும் கால்கள், மத்தளக்காரரின் விரல்கள் என்று அழகான படங்கள் இருந்தன. நூற்றுக்கணக்கில் லைக்குகள். பக்கத்தில் இருந்த வயதான அண்ணாவியார் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

“படம் வடிவாத்தான் கிடக்கு மகள். எண்டைக்கு ஆடுற, எங்க ஆடுற எண்டு எங்க போட்டுக் கிடக்கு?”

தேடிப் பார்த்தோம். ஒரு படத்திலும் இல்லை. ஆடி முடிந்த பிறகு போட்ட படங்கள் அவை. அந்தக் கேள்வியிலிருந்துதான் என் செயற்றிட்டம் உண்மையில் தொடங்கியது.

பிறகு அவர் பழைய முறையைச் சொன்னார். முதலில் சட்டங்கொடுத்தல். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து, பாட்டுகள் எழுதிய சட்டத்தை ஆடுபவர்களிடம் கொடுப்பார்கள். அன்றே செய்தி ஊருக்குள் பரவிவிடும். அதன்பின் மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம் நடக்கும். மத்தளச் சத்தமே விளம்பரம். பிறகு சதங்கை அணி விழா. அதற்கு உறவினர்கள் எல்லோரும் வருவார்கள். அடுத்தது அடுக்குப் பார்த்தல். கடைசியில்தான் அரங்கேற்றம். அத்தோடும் முடிவதில்லை, வீடுவீடாகச் சென்று ஆடி அன்பளிப்புப் பெறுவார்கள். அரங்கேற்ற இரவில் களரியைச் சுற்றி இருப்பவர்களில் அநேகர், அந்தக் கூத்து வளர்வதை மாதக்கணக்கில் கண்டவர்கள். பொதுசனத் தொடர்பு என்று எங்கள் பாடநூலில் படிப்பது இதுதானே என்று எனக்குத் தோன்றியது.

கூத்தைச் சுருக்கிக் காட்டுவது தவறு என்று நான் நினைக்கவில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’ கூத்தைப் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். விடியும்வரை ஆடுவது மேடைக்காகச் சுருங்கியது. ஆனால் கூத்தை அறியாத நகரத்தவர்கள் அதைக் கண்டார்கள். இன்றைய அரை நிமிட வீடியோவும் அப்படி ஒரு வாசலாக இருக்கலாம். அதைப் பார்த்தவர் பாயைச் சுருட்டிக்கொண்டு களரிக்கு வருகிறாரா என்பதே கேள்வி. 2020 இல் உலகம் வீட்டுக்குள் முடங்கியபோது, லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கெட்டி அருங்காட்சியகம், பிடித்த ஓவியம் ஒன்றை வீட்டுச் சாமான்களைக் கொண்டு நடித்துப் படமெடுத்துப் பகிருமாறு மக்களைக் கேட்டது. ஏராளமானோர் செய்தார்கள். பார்த்துவிட்டுப் போகிறவரைப் பங்காளியாக்கியது அந்த அழைப்பு. கூத்தர்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து ஆடுவதும் அதைத்தான் செய்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளைச் சேர்ந்தது. பெண்கள் மாத்திரம் கூடிய ஒரு நிகழ்வில் எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி நாடகத்தில் நடித்தாள். சிரிக்க வைப்பதில் அவளுக்கு நிகர் இல்லை. யாரோ எடுத்த படம் அடுத்த நாளே ஒரு பக்கத்தில் வந்தது. அவளிடமோ அவளுடைய உம்மாவிடமோ ஒருவரும் கேட்கவில்லை. படம் பிறகு நீக்கப்பட்டது. ஆனால் அவள் அதற்குப் பிறகு மேடையேறவில்லை. ஒரு படத்துக்காக ஒரு நடிகையை இழந்தோம். கலையை வளர்ப்பதற்கென்று போடும் படம் கலைஞரையே விரட்டுமானால், அந்த விளம்பரத்தால் யாருக்கு இலாபம்? படம் எடுக்குமுன் ஒரு தரமும் போடுமுன் ஒரு தரமும் கேட்பது பெரிய பாரமல்ல. முகம் வேண்டாம் என்பவருக்குக் கையையோ, சதங்கையையோ, மேடை விளக்கையோ காட்டலாம்.

சமூக ஊடகம் எங்கள் சொந்த நிலமும் அல்ல. 2018 மார்ச்சில் கண்டிப் பகுதிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னரும் அரசு அவற்றை நாட்கணக்கில் முடக்கியது. அப்படியான நாளில் பேஸ்புக்கை மாத்திரம் நம்பியிருக்கும் கழகம் ஊமையாகிவிடும். ஆகவே வாசிகசாலைச் சுவரில் ஒரு நோட்டீசும், ஓட்டோவில் ஓர் ஒலிபெருக்கியும், வீட்டு வாசலில் ஒரு சொல்லும் இன்னும் தேவை. முடக்காவிட்டாலும் பதிவுகள் ஒரு வாரத்தில் அடியில் போய்விடுகின்றன. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் பாதுகாத்து வருகிறது. எங்கள் நோட்டீசுகளையும் விழா மலர்களையும் அப்படிச் சேர்த்து வைத்தால், பின்னால் வருபவர்களுக்குத் தடயமாவது மிஞ்சும்.

செயற்றிட்டத்தின் முடிவில் அந்தக் கழகத்துக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: ஆடுமுன்பே அறிவியுங்கள், நாள், நேரம், இடம் மூன்றையும் படத்திலேயே எழுதுங்கள், பழக்கம் நடக்கும்போதே கிழமைக்கு ஒரு படம் போடுங்கள், அண்ணாவியாரின் பெயரையும் மத்தளக்காரரின் பெயரையும் மறவாதீர்கள், யாரிடமும் கேட்காமல் முகம் காட்டாதீர்கள், அறிவித்தல் ஒன்றைக் காத்தான்குடிப் பக்கமும் ஒட்டுங்கள்.

கடைசி வரியை வாசித்துவிட்டு அந்த இளைஞர், “ஒட்டினா வருவீங்களா?” என்று கேட்டார். வாப்பா எனக்கு முந்திப் பதில் சொன்னார்: “முதல்ல சொல்லுங்க தம்பி. சொன்னாத்தானே வரலாம்.”

எமது கல்லூரிக் கலைவிழாவும் நெருங்குகிறது. இம்முறை பெண்களுக்கான அழைப்பிதழ்களில் சில, ஆரையம்பதிச் சகோதரிகளின் வீடுகளுக்கும் போகட்டும் என்று மன்றக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். தோழியரே, கை உயர்த்துவீர்களா?