நமக்கு யாரைத் தெரியும்?

"பிள்ளை எஞ்சினீயரிங் முடித்துவிட்டாள். ஆனால் நமக்கு யாரைத் தெரியும்?"

எங்கள் குப்பனூரில் பல வீடுகளில் இக்கேள்வியைக் கேட்கலாம். கடன் வாங்கிப் படிக்க வைத்த தந்தை கேட்பார். காட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசைக் கட்டணமாகக் கட்டிய தாய் கேட்பார். பட்டம் கைக்கு வந்த நாளின் மகிழ்ச்சியில் பாதியை இக்கேள்வியே தின்றுவிடும்.

நாங்கள் மூவரும் குப்பனூர்ப் பெண்கள். இப்பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பழைய மாணவியர். எங்களில் ஒருத்தி கட்டடப் பொறியியலும், ஒருத்தி மின் பொறியியலும், ஒருத்தி கணினிப் பொறியியலும் பயின்றோம். பட்டம் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீடுகளில் நாங்களே முதல் பட்டதாரிகள். "கல்லூரியில் சேரும் வழியைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். படிப்பு முடிந்த பின் நடக்க வேண்டிய வழியை நீங்கள் எழுதுங்கள்" என்று தலைமையாசிரியைச் சகோதரி பணித்ததால் இவ்வாண்டு மலரில் இதை எழுதுகிறோம்.

பெற்றோரின் அக்கேள்வி வீண் புலம்பலன்று. மாமனோ சித்தப்பாவோ பொறியாளராக உள்ள வீட்டுப் பெண்ணுக்கு, எந்தத் தொழிற்சாலையில் பயிற்சி நல்லது, நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள், முதல் சம்பளத்தை விட முதல் வேலையில் கற்பது ஏன் பெரிது என்பவையெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே தெரிந்துவிடுகின்றன. எங்களுக்கு அப்பேச்சு கிடையாது. மதிப்பெண் இருந்தும் வழி தெரியாமல் இரண்டாண்டு வீட்டிலிருந்து, பிறகு படிப்புக்குத் தொடர்பில்லாத வேலைக்குப் போன தோழிகளை நாங்கள் அறிவோம். ஆகவே "யாரைத் தெரியும்?" என்பது மெய்யான கேள்வி. அதற்கு மெய்யான விடை தேட வேண்டும்.

நம் மாநிலத்திலேயே முதன்முதல் பொறியியல் பயின்ற பெண்களின் வரலாறு இதற்கு நல்ல பாடம். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-ல் சேர்ந்தவர் அ. லலிதா. 15 வயதில் மணமாகி, 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அவருடைய தந்தையார் பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடமும் பொதுக் கல்வித் துறை இயக்குநர் ஸ்டாதமிடமும் பேசி மகளுக்கு இடம் பெற்றார். ஆக, முதல் பெண் பொறியாளருக்கும் கதவைத் தட்ட ஒருவர் தேவைப்பட்டார்!

ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக இருப்பது கடினம் என்று கண்டு, மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளக் கல்லூரி முன்வந்தது. அப்படிச் சேர்ந்தவர்கள் லீலம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும். இருவரும் கட்டடப் பொறியியல் எடுத்தனர். ஓராண்டு பின்னால் சேர்ந்தவர்களாயினும், போர்க்காலத்தில் படிப்புக் காலம் குறைக்கப்பட்டதால் 1943-ல் மூவரும் சேர்ந்தே தேறினார்கள். 'அவன்' என்று ஆண்பாலில் அச்சிட்டிருந்த சான்றிதழில் அச்சொல்லை அடித்து, 'அவள்' என்று திருத்தித் தர வேண்டியதாயிற்று. பெண் ஒருத்தி அச்சான்றிதழைப் பெறுவாள் என்று அச்சிட்டவர்கள் நினைத்தே பார்த்ததில்லை.

திரேசியா திருச்சூர்ப் பக்கம் எடத்திருத்தியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. லலிதா ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்று, சிம்லாவில் அரசுப் பணியாற்றி, 1948 முதல் கல்கத்தாவில் ஒரு மின்பொறி நிறுவனத்தில் மின் கடத்தல் பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின் பணியிலும் அவருக்குப் பங்குண்டு.

1964 ஜூனில் நியூயார்க்கில் பெண் பொறியாளர், விஞ்ஞானியரின் முதல் உலக மாநாடு நடந்தது. இந்தியப் பெண் பொறியாளருக்குச் சங்கம் ஏதும் அப்போது இல்லாததால் லலிதா தம் சொந்தப் பொறுப்பிலேயே கலந்துகொண்டார். மறு ஆண்டு இலண்டன் பெண் பொறியாளர் சங்கத்தில் முழு உறுப்பினரானார். இரண்டாம் மாநாடு 1967-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்தபோது, இந்தியப் பெண்களுக்கு அச்செய்தி எட்ட வேண்டுமென்று முன்னின்று உழைத்தார். தந்தையின் துணையால் உள்ளே வந்தவர், பிறருக்குத் தாமே துணையாக நின்றார் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்த இலண்டன் சங்கம் பிறந்த கதையும் கேட்கத் தக்கது. முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குச் சென்றபோது தொழிற்சாலைகளை நடத்தியவர்கள் பெண்கள். போர் முடிந்ததும் "வீட்டுக்குப் போங்கள்" என்றார்கள். போக மனமில்லாத பெண்கள் சிலர் 1919 ஜூன் 23-ல் சங்கம் கண்டு, அவ்வாண்டே ஒரு பத்திரிகையும் தொடங்கினர். ஊருக்கு ஒருத்தியாகச் சிதறிக் கிடந்தவர்களை அப்பத்திரிகை ஒன்றாகக் கட்டியது. லலிதா பிறந்ததும் அதே 1919-ல்தான்.

இனி எங்கள் அனுபவத்துக்கு வருவோம்.

எங்களில் கட்டடப் பொறியியல் படித்தவள் ஒரு கட்டுமான இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கு அவள் ஒருத்தியே பெண். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து மூன்றாம் மாதம் நோயில் விழுந்தாள். வேலையை விட்டுவிடுவதாக எங்களிருவரிடம் சொன்னாள். கல்லூரியில் பத்தாண்டு மூத்த அக்கா ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து அவளைப் பேச வைத்தோம். அந்த அக்கா, "அழாதே அம்மா, வாயால் கேட்காதே, எழுத்தில் கேள். சட்டப்படி கட்டுமானத் தொழிலாளருக்குக் கழிப்பறை அமைப்பது முதலாளியின் கடமை. அதை மரியாதையாக எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் கழிப்பறை வந்தது. அவளுக்கு மட்டுமா வந்தது? மண் சுமந்த சித்தாள் பெண்களுக்கும் வந்தது. அவர்கள் அதுவரை வாய் திறந்து கேட்டதில்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்ன ஒரு சொல் எத்தனை பேருக்குப் பயன்பட்டது பாருங்கள்!

அதே இடத்தில் அவளுக்குத் தொழில் கற்பித்தவர் முதிய மேஸ்திரி ஒருவர். 15 சென்டிமீட்டர் கான்கிரீட் கனசதுரத்தை வார்த்து, நீரில் ஊற வைத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்த்து வலிமை அறிவது புத்தகத்தில் உள்ள பாடம். கலவையைக் கரண்டியால் புரட்டும்போதே தண்ணீர் மிஞ்சியதைக் கண்டுகொள்வது மேஸ்திரியின் பாடம். தெரிந்தவர் என்றால் பெரிய பதவியில் இருப்பவர் மட்டுமே என்று நினைக்க வேண்டாம்.

மின் பொறியியல் படித்தவளுக்குப் பரிந்துரை செய்ய எவருமில்லை. அவளுக்குக் கைகொடுத்தது 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். 1973-ல் செய்த திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் உதவித்தொகையுடன் ஓராண்டு தொழில் பழகும் வாய்ப்பு உண்டாயிற்று. அவள் விண்ணப்பித்துத் துணைமின் நிலையத்தில் பழகுநரானாள். அங்கிருந்த ஃபோர்மேன் அவளுக்கு முதல் நாளே சொன்னது இது: "லைன் கிளியர் கையில் வந்தாலும், நீயே டிஸ்சார்ஜ் ராடு போட்டு எர்த் செய்யாமல் கம்பியைத் தொடாதே. ஆபீசர் சொன்னாலும் தொடாதே." உயிர் காக்கும் அச்சொல்லை அவள் இன்று தனக்குக் கீழே பழகவரும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறாள்.

கணினி படித்தவள் சேலத்தில் மாதந்தோறும் நடந்த தொழில்நுட்பக் கூட்டம் ஒன்றுக்குப் போனாள். மூன்று மாதம் கடைசி வரிசையில் வாய் திறவாமல் இருந்தாள். ஆங்கிலத்தில் பேச அச்சம். நான்காம் மாதம் ஒரு கேள்வியைத் தாளில் எழுதி வைத்துப் படித்துக் கேட்டாள். கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மையார் வந்து, "நல்ல கேள்வி, எங்கே வேலை செய்கிறாய்?" என்று விசாரித்தார். எட்டு மாதம் கழித்து ஓர் இடம் காலியான செய்தியை அவரே தெரிவித்தார். எழுத்துத் தேர்வையும் நேர்முகத் தேர்வையும் இவள் தானே எழுதித் தானே வென்றாள்.

இங்கேதான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு. தகுதியில்லாதவரைத் தகுதியுள்ளவருக்கு முன்னே நிறுத்துவது சிபாரிசு. அது அடுத்தவர் இலையிலிருந்து சோற்றை எடுப்பது போன்றது. தகுதியுள்ளவர் இருக்கும் இடத்தை உலகம் அறியச் செய்வது அறிமுகம். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைப் பற்றி ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்கள். கொடி மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அதன் வேர் மண்ணில் இருக்கிறது. உணவைத் தானே தேடிக்கொள்கிறது. மரத்திடம் அது பெறுவது உயரம் ஒன்றே. நம் படிப்பு வேர். பெரியோர் துணை மரம். வேரில்லாக் கொடியை எந்த மரமும் காப்பாற்றாது.

ஏற்காட்டுக்கு இரண்டு பாதைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். 20 கொண்டை ஊசி வளைவுகளுள்ள சேலம் பாதை ஒன்று. எங்கள் குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு ஏறிவரும் பாதை மற்றொன்று. பெரிய பாதையில் மண் சரிந்தால் மலைக்குப் போவோர் எங்கள் ஊர்ப் பாதையையே நம்பி வருவார்கள். மதிப்பெண்ணும் சான்றிதழும் பெரிய பாதை. அது அடைபடும் நாளும் வரும். நிறுவனம் மூடப்படலாம், திருமணம், பிள்ளைப்பேறு என்று சில ஆண்டு இடைவெளி விழலாம். அந்நாளில் மனிதர்களின் நட்பே இரண்டாம் பாதை. ஆனால் மண் சரிந்த பிறகு பாதை போட முடியாது. முன்னரே போட்டிருக்க வேண்டும்.

திருவள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அரசனுக்கே அத்துணை வேண்டுமென்றால் நமக்கு வேண்டாமா? நம் திருச்சபையும் ஆண்டுதோறும் மே 31-ல் ஒரு சந்திப்பைக் கொண்டாடுகிறது. எதிர்பாராத பெரும் பொறுப்பை ஏற்ற இளம்பெண்ணாகிய மரியன்னை, தனியே வீட்டில் அஞ்சிக் கிடக்கவில்லை. தம்மைவிட மூத்தவரான எலிசபெத்தம்மாளைத் தேடி மலைநாட்டுக்குப் போனார். மூன்று மாதம் உடனிருந்தார். மூத்தவர் இளையவரை வாழ்த்தினார்; இளையவர் மூத்தவருக்குத் துணையிருந்தார். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத அச்சந்திப்பே எங்களுக்கு முன்மாதிரி.

தங்கையரே, நாங்கள் கைக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறோம். அன்றன்று கற்றதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; ஓராண்டு கழித்து நேர்முகத் தேர்வில் பேச அதுவே பொருள் தரும். மூத்தவருக்குக் கடிதம் எழுதினால் "வேலை வாங்கித் தாருங்கள்" என்று தொடங்காதீர்கள். அவர் அறிந்த ஒன்றைப் பற்றிக் கேள்வி ஒன்றே ஒன்று கேளுங்கள். பதில் வந்தால் நன்றி எழுதுங்கள். அவர் சொன்னதைச் செய்து பார்த்து, என்ன ஆயிற்று என்றும் எழுதுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. 1920-ல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் நிறுவனத்துக்குப் பல நகரங்களில் மையங்கள் உண்டு. அங்கு நடக்கும் சொற்பொழிவுகளுக்குப் போங்கள். தனியே போக வீட்டில் தயங்கினால் இருவராகப் போங்கள்; ஆண்டவரும் தம் சீடரை இருவர் இருவராகவே அனுப்பினார். சம்பளம், பாதுகாப்பு, மரியாதை இவற்றில் குறை வந்தால் தனியே மனத்தில் வைத்துப் புழுங்காமல் தோழியரிடம் சொல்லுங்கள். உங்களுக்குப் பின் வருபவளுக்கு உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் விடாதீர்கள்.

எங்கள் மூவரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பள்ளி அலுவலகத்தில் சகோதரியிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். எங்களைப் போல் வெளியே பணிபுரியும் மற்றப் பழைய மாணவியரும் தத்தம் பெயரையும் தொழிலையும் அதே நோட்டில் எழுதித் தர வேண்டுகிறோம். பொறியியல் படிக்க விரும்பும் மாணவி எந்த ஊராயினும், எந்த மதத்தவராயினும் தயக்கமின்றி அதைக் கேட்டு வாங்கி எங்களுக்கு எழுதலாம். வேலை தருவோம் என்று சொல்ல எங்களால் இயலாது. பதில் தருவோம் என்பது உறுதி. இனி உங்கள் வீட்டில் யாரேனும் "நமக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டால், முதலில் எங்கள் மூவரையும் சொல்லுங்கள்.

— பழைய மாணவியர் மூவர், குப்பனூர்