அளவெடுக்கிற பட்டறை

ஜனவரி 11

எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நீலப் புகை விடுகிறது. சிக்னலில் நின்று புறப்படும்போது பின்னால் வரும் ஸ்கூட்டர்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். ஆயிலும் வேகமாகக் குறைகிறது.

இன்று காலை நாலு பிளக்கையும் கழற்றிக் கம்ப்ரஷன் பார்த்தேன். 120, 115, 70, 110. மூன்றாவது சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது முள் 105-க்கு ஏறியது. ரிங் தேய்ந்த இடைவெளியை ஆயில் அடைத்ததால் ஏறியிருக்கிறது. ஏறாமலே நின்றிருந்தால் வால்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆக, போரும் ரிங்கும் தேய்ந்துவிட்டன. இன்ஜினை இறக்கியே ஆகவேண்டும்.

அப்பா 1974-ல் பழைய வண்டியாக வாங்கியது இது. 1967-ல் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்த வண்டி. இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உருவம், 948 சிசி இன்ஜின். முன்பக்கம் முழுவதையும் மட்கார்டோடு சேர்த்துத் தூக்கலாம். சின்ன வயதில் டயர் மேல் உட்கார்ந்து அப்பா வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலை எண்பதுகளின் கடைசியில் மூடப்பட்டது. இந்த வண்டிக்குக் கம்பெனி இல்லை, டீலர் இல்லை, உத்தரவாதம் தர யாரும் இல்லை. எல்லாம் பட்டறைக்காரர் கையில்.

ஜனவரி 18

நெருங்கிய உறவினர் சொன்ன பட்டறைக்குப் போனேன். முதலாளி பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. சைலன்சர் பக்கம் போய்ப் புகையைப் பார்த்துவிட்டு, “முப்பத்தஞ்சாயிரம் ஆகும் மேடம், ஒரு வாரத்துல ரெடி” என்றார். எந்த சைஸ் பிஸ்டன் போடுவீர்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்.”

பார்க்காமல் சொன்ன விலை அந்த வண்டிக்குச் சொன்ன விலை அல்ல. பிரித்த பிறகு கிராங்க் தேய்ந்திருந்தால் அந்தத் தொகைக்குள் அவர் எப்படிச் செய்வார்? ஒன்று என்னிடம் கூடுதலாகக் கேட்பார், இல்லை தேய்ந்ததையே திரும்பப் போடுவார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 25

வேறொரு பட்டறையில் மரியாதையாகப் பேசினார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் யோசனை ஒன்றே ஒன்றுதான்: “இதுக்குப் போய்ச் செலவு பண்ணாதீங்கம்மா. மாருதி இன்ஜின் ஒண்ணு ஏத்திடலாம், மைலேஜும் வரும்.”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தினமும் ஓட்டும் வண்டி என்றால் யோசிக்கலாம். ஆனால் 2021-ல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியைப் பழங்கால வாகனமாகப் பதிவு செய்யவேண்டும் என்றால், சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பர் அந்த பிளாக்கில் அடித்த நம்பர். அந்த பிளாக் போனால் இது ஹெரால்டு போல இருக்கும் வேறு வண்டி. இதை அப்பாவிடம் சொல்லவே எனக்கு மனமில்லை.

பிப்ரவரி 3

இன்று சென்னையின் வண்டிச் சாமான் கடைத்தெருவான ஜி.பி. ரோடு. பட்டறைகளைப் பட்டறைக்காரர்களிடமே விசாரித்துப் பயனில்லை என்று தோன்றியது. அவர்களுக்குச் சாமான் விற்கிறவரைக் கேட்கலாம்.

மூன்று தலைமுறையாகப் பிஸ்டன், ரிங், பேரிங் விற்கும் கடை. பெரியவர் கல்லாவில் இருந்தார். நல்ல பட்டறை எது என்று நேராகக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள், எல்லாரும் அவருக்கு வாடிக்கையாளர்கள். அதனால் மாற்றிக் கேட்டேன்: “ஐயா, பிஸ்டனை முதல்ல வாங்கிட்டுப் போறவங்க யாரு? போர் அடிச்சு முடிச்சிட்டுப் பிஸ்டன் தேடி வர்றவங்க யாரு?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “உட்காருங்கம்மா” என்றார்.

ஒரே சைஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நாலு பிஸ்டனும் மயிரிழை வித்தியாசப்படும். தொழில் தெரிந்தவர் பிஸ்டனைக் கையில் வைத்து அளந்து, அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தச் சிலிண்டரைக் குடைவார். பேரிங் அதற்கு நேர்மாறு: கிராங்க்கை அளந்து, தேவைப்பட்டால் கிரைண்டிங் செய்து, அதற்குப் பிறகே வாங்கவேண்டும். இந்த வரிசை மாறினால் இடைவெளி அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும். யார் எந்த வரிசையில் சாமான் வாங்குகிறார்கள் என்பது ஜி.பி. ரோடு கல்லாவுக்குத் தெரியும். பெரியவர் ஒரு பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறை.

பிப்ரவரி 9

போர்டுகூட இல்லாத ஷெட். உள்ளே வெளிச்சமும் சுத்தமும். போர் கேஜும் மைக்ரோமீட்டரும் மரப்பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தன. பிரித்த இன்ஜின்களின் சாமான்கள் தனித்தனித் தட்டுகளில், கம்பியில் கட்டிய சீட்டோடு. வால்வுகள் எந்த ஓட்டையிலிருந்து வந்தனவோ அந்த வரிசையில் ஓட்டை போட்ட பலகையில் நின்றன.

மேஸ்திரிக்கு எழுபது வயது இருக்கும். விலை பேசவில்லை, கேள்வி கேட்டார். இதற்கு முன் யாராவது பிரித்தார்களா? ரேடியேட்டரில் கூலண்டா, போர்வெல் தண்ணியா? எந்த ஆயில்? பிறகு, “உள்ள உட்கார்ந்து கிளட்சை மிதிங்கம்மா” என்றார். மிதித்தேன். அவர் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். “விடுங்க. இன்னொரு தடவை.” புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முன்னும் பின்னும் போய்வந்தது.

இந்த இன்ஜினின் பலவீனம் அது. கிராங்க் முன்பின் நகராமல் தடுப்பது பின் மெயின் பேரிங்கில் இருக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பாரம் அதில்தான் விழும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் கழன்று சம்ப்பில் விழுந்துவிடும். பிறகு கிராங்க் நேராக பிளாக்கையே தேய்க்கும். பிளாக் போனால் திரும்பக் கிடைக்காது. புகையைப் பார்த்து விலை சொன்னவரும் இன்ஜினை மாற்றச் சொன்னவரும் இதைப் பார்க்கவில்லை.

விலை கேட்டேன். “பிரிச்சு அளந்தாத்தான் சொல்லுவேன். பிரிக்கிற கூலி மட்டும் இப்பக் குடுங்க. கணக்குப் புடிக்கலேன்னா சாமானை அள்ளிட்டுப் போயிடலாம்.”

வண்டியை விட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 21

இன்ஜினைப் பிரித்து அளந்தார்கள். கூட இருக்கவேண்டும் என்று அவரே சொல்லியனுப்பினார்.

சிலிண்டரின் மேல்பகுதியில் 7 தவு தேய்மானம். தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முன்பே யாரோ 20 தவு பெரிதாக்கியிருக்கிறார்கள். இப்போது 30. “நாப்பதுக்குப் போகலாம், சுலபம். ஆனா அடுத்த தடவைக்கு இடம் இருக்காது, ஸ்லீவ்தான் அடிக்கணும்” என்றார். த்ரஸ்ட் வாஷரில் ஒன்று பிளேடு போல மெலிந்திருந்தது. டயல் கேஜில் கிராங்க்கின் ஆட்டம் 18 தவு. எட்டுக்குள் இருக்கவேண்டியது. நல்லவேளை, பிளாக்கைத் தொடவில்லை.

வாட்டர் ஜாக்கெட்டுக்குள் சுண்ணாம்பு பாறையாகப் படிந்திருந்தது. சென்னை போர்வெல் தண்ணீரின் வேலை. நாலாவது சிலிண்டர் பக்கம் தண்ணீர் ஓடவே வழியில்லை.

எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் ஹெட்டுக்குள் இறங்கியிருந்தன. முன்பு பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய காப்பாக இருந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல். வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டிய சீட் அதைத் தாங்காது. கடினமான சீட் வளையம் பொருத்தவேண்டும். எத்தனால் 20 சதவீதம் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு பம்ப் டயாஃப்ரமும் ரப்பர் குழாய்களும்கூட மாறவேண்டும்.

கிராங்க்கை மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்தார். எனக்கு அது கண்டிப்பாக கிரைண்டிங் போகும் என்ற எண்ணம். அவர் மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்து, “நீங்களே பாருங்க. வட்டம் கெடல. பாலிஷ் போதும்” என்றார். கிரைண்டிங் கூலி அவருக்கு வரவேண்டிய பணம். அவர் வேண்டாம் என்று சொன்னபோதே என் தேடல் முடிந்தது.

பிப்ரவரி 24

எல்லா அளவும் ஒரு நோட்டுத்தாளில், வேலை வாரியாகக் கூலியோடு. மூன்று தவணை. மாற்றும் ஒவ்வொரு பழைய சாமானும் திரும்ப என் கைக்கு வரும் என்று அவரே எழுதியிருந்தார். மொத்தம் முதல் பட்டறை சொன்னதைப்போல இரண்டு மடங்கு. சம்மதித்தேன்.

மார்ச் 19

பிஸ்டன் வந்துவிட்டது. இன்று போரிங். பிஸ்டன்களில் 1, 2, 3, 4 என்று எண் எழுதி அளந்துவிட்டே மிஷினைப் போட்டார். பிளாக்கைக் கழுவுவதற்கு மட்டும் அரைநாள். ஹோனிங் தூள் கொஞ்சம் உள்ளே தங்கினாலும் புது ரிங் சில நாளில் தேய்ந்துவிடும் என்று பையனைச் சோப்புத் தண்ணீரில் மறுபடி மறுபடி கழுவ வைத்தார். கடைசியில் வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே வந்தது.

ஏப்ரல் 12

ஸ்டார்ட் செய்தோம். முதலில் பிளக்குகள் இல்லாமல், ஆயில் விளக்கு அணையும்வரை சுழற்றினார். பிறகு இருபது நிமிடம் ஐடிலில் விடாமல் 2000 ஆர்.பி.எம்மில். முகம் தீட்டிய கேமுக்கும் டேப்பெட்டுக்கும் ஆயில் தெறித்து விழ அந்த வேகம் வேண்டும். 20டபிள்யூ-50 ஆயில், துத்தநாகச் சத்து உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தார். புகை இல்லை. கிளட்சை மிதித்தேன், புல்லி அசையவில்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். டேப்பெட் 10 தவுதானே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். “ஆமாங்கய்யா, பத்துதான்” என்றார் மேஸ்திரி.

பட்டறையின் பின்பக்க அலமாரியில் நாலைந்து பழைய பிளாக்குகள் கிடக்கின்றன. காயலான் கடையிலிருந்து அவர் சொந்தக் காசில் எடை போட்டு வாங்கியவை. ஹெரால்டு கிராங்க் ஒன்றுகூட அதில் இல்லை. என்னுடையதில் விரிசல் இருந்திருந்தால் வண்டி அங்கேயே நின்றிருக்கும். உங்கள் வீட்டுக் கொல்லையிலோ ஷெட்டிலோ ஹெரால்டு, அதற்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கெசல் இன்ஜின் சாமான் எதுவும் துருப்பிடித்துக் கிடந்தால், பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஆயில் தடவி வையுங்கள். அதைத் தேடும் பட்டறை ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும், விசாரித்துக் கொடுத்துவிடுங்கள்.