ஏரியில் மூழ்கிய கப்பல்

வேலூர் லாங் பஜாரில் பருப்பு மூட்டை இறங்கும் நேரத்தில் மண்டி வாசலில் நின்றால், பட்டாணிப் பருப்பும் மைசூர் பருப்பும் எந்த நாட்டுச் சரக்கு என்ற பேச்சு தானாக வரும். கனடா சரக்கும் அதில் உண்டு. அது பெரும்பாலும் மேற்குக் கரையில் வான்கூவர் துறைமுகம் வழியாகப் புறப்படுகிறது. ஆனால் அந்நாட்டுக் கோதுமையில் ஒரு பங்கு ரயிலில் கிழக்கே தண்டர் பே என்ற ஊருக்கு வந்து கப்பலேறுகிறது. அந்த ஊர் இருப்பது கடலோரத்தில் அல்ல, ஏரிக்கரையில்.

ஏரியில் கப்பலா என்று கேட்பது நியாயம்தான். ஆம்பூர்ச் செருப்பு கப்பலேறுவது சென்னைத் துறைமுகத்தில். இந்தப் பக்கத்தாருக்குப் பெரிய ஏரி என்றால் காவேரிப்பாக்கம். தண்டர் பே இருக்கும் சுப்பீரியர் ஏரியோ சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். ஆழம் சில இடங்களில் 400 மீட்டர். கடலைவிட 180 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வழியில் பெரிய தொட்டிகள் கட்டி, தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலைப் படிப்படியாக ஏற்றி இறக்குகிறார்கள். கடல் கப்பல்கள் உள்ளே வரும் இந்த வழி 1959-இல் திறந்தது.

குளிர்காலத்தில் நீர் உறைந்து போக்குவரத்து நின்றுவிடும். அதற்குள் இன்னும் ஒரு நடை என்று நவம்பரில் எல்லோருக்கும் அவசரம். மழைக்கு முன் கதிரறுக்க ஓடுகிற அதே அவசரம். புயல்கள் வருவதும் அந்த மாதத்தில்தான். 1958 நவம்பரில் மிச்சிகன் ஏரியிலும், 1966 நவம்பரில் ஹூரான் ஏரியிலும் ஒவ்வொரு சரக்குக் கப்பல் இரண்டாக உடைந்து மூழ்கியது.

பலரும் அறிந்தது எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு. 729 அடி நீளம். 1975 நவம்பர் 9 அன்று 26,000 டன் இரும்புத்தாது உருண்டைகளுடன் சுப்பீரியர் ஏரியில் புறப்பட்டது. பத்து டன் லாரி என்றால் 2,600 லாரிச் சுமை! மறுநாள் புயலில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது, ரேடார்கள் பழுதாயின. பின்னால் வந்த ஆர்தர் எம். ஆண்டர்சன் என்ற கப்பல் வழி சொல்லிக்கொண்டே வந்தது. இரவு ஏழு மணிக்குமேல் பேசியபோது கேப்டன் மெக்சார்லி, சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில்தான் பதில் சொன்னார். சற்று நேரத்தில் ரேடாரில் கப்பலைக் காணோம். அபாய அழைப்புகூட வரவில்லை. 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 530 அடி ஆழத்தில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது.

காரணத்தில் இன்றும் வழக்குண்டு. சரக்கறை மூடிகள் இறுக்கமாக அடைபடாமல் தண்ணீர் புகுந்தது என்றது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. 21 மூடிகள், ஒவ்வொன்றுக்கும் 68 பிடிகள். அது இல்லை, நீருக்கடியில் இருந்த திட்டில் அடிபட்டது என்றார்கள் கப்பல் முதலாளிகள். லாரிக்குத் தார்ப்பாய் கட்டியது சரியில்லையா, சாலை சரியில்லையா என்று மண்டியில் நடக்கும் வாக்குவாதம் போலத்தான்.

ஆனால் ஏட்டில் உள்ள ஒன்றை யாரும் மறுக்க முடியாது. கப்பலின் மேல்தளம் தண்ணீருக்கு மேல் இவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்று கட்டும்போது ஓர் அளவு வைத்திருந்தார்கள். 1969, 1971, 1973 என மூன்று முறை அதைத் தளர்த்தி, மூன்றேகால் அடி குறைத்தார்கள். குறைத்த ஒவ்வோர் அங்குலமும் கூடுதல் சரக்கு.

அதன்பின் விதிகள் இறுகின. அந்த ஏரிகளில் அவ்வளவு பெரிய சரக்குக் கப்பல் எதுவும் பிறகு மூழ்கவில்லை. 1995-இல் குடும்பத்தார் கேட்டதன்பேரில் கப்பல் மணியை மேலே எடுத்துவந்து, 29 பெயர்களும் பொறித்த வேறொரு மணியை அதே இடத்தில் வைத்தார்கள்.