கரையேறிய குர்சுரா

விசாகப்பட்டினம் போகிறவர்கள் சிம்மாசலம், கைலாசகிரி, அரக்கு என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் ஒரு மாலைப் பொழுதை ஆர்.கே. பீச்சுக்கு ஒதுக்குங்கள். சுமார் 300 அடி நீள நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அங்கே மணலில் நிற்கிறது. பெயர் ஐ.என்.எஸ். குர்சுரா.

1969 டிசம்பரில், அன்றைய சோவியத் யூனியனின் ரீகா நகரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த கப்பல் இது. 31 ஆண்டுகள் உழைத்து, 73,500 கடல் மைல் பயணம் செய்து, 2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வு பெற்றது. கடலிலிருந்து கரைக்கு இழுத்து வந்து நிறுத்தி, 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

உள்ளே ஏழு அறைகள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்கு வட்டமான துவாரம் வழியாகக் குனிந்துதான் போக வேண்டும். முன்னால் ஆறு, பின்னால் நான்கு டார்பிடோ குழாய்கள். நடுவில் பெரிஸ்கோப், டீசல் இன்ஜின்கள், ஒடுங்கிய படுக்கைகள், சின்ன சமையலறை. இதற்குள்தான் எழுபத்தைந்து பேர் வாரக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள் என்றால் நம்பவே முடியாது!

நமக்குச் சுற்றிக் காட்டுபவர்கள் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். எந்த வால்வு எதற்கு, நீருக்கடியில் போகும்போது ஏன் டீசல் இன்ஜினை நிறுத்தி பேட்டரிக்கு மாற வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தொழில் அனுபவம். குழந்தைகளை அழைத்துப் போனால், தயங்காமல் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் டி.யு.-142 விமானம் நிற்கிறது. கடலுக்கு மேல் பறந்து நீர்மூழ்கிகளைத் தேடிய இந்த ரக விமானங்களுக்கு நம் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளிதான் தளம். 2017 மார்ச்சில் அங்கேயே விடை கொடுத்தார்கள். பக்கத்திலேயே 1971 போரின் நினைவாக 'விக்டரி அட் ஸீ' நினைவுச் சின்னம். பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கி அந்தப் போரில் மூழ்கியது இந்த ஊர்க் கடலில்தான். ஆண்டுதோறும் டிசம்பர் 4, கடற்படை தினத்தன்று இங்கே மலர் வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். முன்னாள் வீரர்களும் வந்து நிற்பார்கள்.

ஒரு போர்க்கப்பலுக்கு விடை கொடுக்கும் சடங்கு எளிமையானது. சூரியன் மறையும் வேளையில் கடற்படைக் கொடியைக் கடைசி முறையாக இறக்குவார்கள். அந்தக் கப்பலில் வேலை பார்த்த பழைய கேப்டன்களும் மாலுமிகளும் எங்கெங்கிருந்தோ வந்து சேர்வார்கள். 2019 மே 6 அன்று ஐ.என்.எஸ். ரஞ்சித் இதே ஊரில் விடைபெற்றது. 41 ஆண்டுகள் உழைத்த ஐ.என்.எஸ். ராஜ்புத் 2021 மே 21 அன்று விடைபெற்றபோது கொரோனா காலம். வெளியூர்ப் பழைய ஆட்கள் வர வழியில்லை. உள்ளூரில் இருந்த அதிகாரிகளும் மாலுமிகளும் மட்டுமே நின்று வழியனுப்பினார்கள்.

கொடி இறங்கிய பிறகு கப்பலின் கதி என்ன? பெரும்பாலும் உடைப்புதான். 1971-ல் பெயர் வாங்கிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகமாக இருந்தும் கடைசியில் பழைய இரும்பாகப் போனது. பிரிட்டனிலும் இந்தியாவிலுமாக அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த விராட், 2020-ல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்க இழுத்துச் செல்லப்பட்டது. நம் மாமல்லபுரத்தில் 'வாக்லி' நீர்மூழ்கியை வைக்கப் போட்ட திட்டமும் கைகூடவில்லை.

காரணம் பணம்தான். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். பராமரிப்புச் செலவுக்கு முடிவே இல்லை. ஆனால் கப்பல் போய்விட்டால், அதில் இளமையைக் கழித்தவர்களுக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டிப்போய், “இதுதான் தாத்தா படுத்த இடம்” என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது. கடற்படைக்காரருக்கு, வேலை பார்த்த இடமும் குடியிருந்த வீடும் கப்பல்தானே?

அந்த வகையில் குர்சுரா கொடுத்துவைத்தது. பணியிலுள்ள கப்பல்களுக்கு மட்டுமே உரிய கொடித்தோரண மரியாதையைக் கடற்படை இதற்கு இன்னும் அளிக்கிறது. நாம் வாங்கும் நுழைவுச் சீட்டும் அதைக் காப்பாற்ற ஒரு சிறு பங்கு.

திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் மாலையில் போனால் வெயில் தாழ்ந்திருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உள்ளே குனிந்து நுழைவது சிரமம். அவர்கள் வெளியே கடற்காற்றில் உட்கார்ந்தபடியே கப்பலை முழுதாகப் பார்க்கலாம்.